சின்னச் சொற்களில் இருக்கிறது ஆங்கிலம்

வேலை நடக்கிற அளவுக்கு ஆங்கிலம் நம் வணிகப் பெருமக்கள் எல்லோரிடமும் இருக்கிறது. பில் போடுகிறோம். சரக்கு வந்து சேராவிட்டால் லாரி புக்கிங் ஆபீசுக்கு எழுதுகிறோம். மும்பைத் தரகர் போனில் வந்தால் இந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசி ரேட்டை முடித்துவிடுகிறோம். இந்தக் கட்டுரை அதற்கு மேலே உள்ள படியைப் பற்றியது. பள்ளிக்கூடத்திலும் கடையிலும் ஆங்கிலம் படித்த ஒருவர், ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர் எழுதியது போல ஒரு கடிதம் எழுத முடியுமா? முடியும் என்பதே நம் கருத்து. ஆனால் நம்மவர்கள் அதைத் தேடுகிற இடம் வேறு. பெரிய பெரிய சொற்களில் தேடுகிறார்கள். அது இருப்பதோ 'பை', 'டில்', 'எ', 'த' போன்ற சின்னச் சொற்களில்.

உள்ளூர்ச் சில்லறை வியாபாரத்துக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஆனால் வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள், இனிமேல் அந்த வழியில் போகப் போகிற நம் பிள்ளைகள் ஆகியோருக்கு இது அலங்காரம் அல்ல. பணம்.

விலை வைத்த சொற்கள்

ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு லெட்டர் ஆஃப் கிரெடிட் தெரியும். எல்.சி. என்று சொல்லுவோம். பாரிஸில் உள்ள சர்வதேச வர்த்தக சபை வகுத்த யு.சி.பி. 600 என்னும் விதிகள்தான் இன்று அதற்கு ஆதாரம். 2007 ஜூலை 1 முதல் அவை நடைமுறையில் உள்ளன. வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை, காகிதத்தைத்தான் பார்க்கிறது. காகிதத்தில் இருக்கிற சொல்லுக்குத்தான் பணம்.

'அபௌட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பள்ளிக்கூடத்தில் அதற்கு 'பற்றி' என்று பொருள் படித்தோம். பிறகு 'சுமார்' என்றும் தெரிந்துகொண்டோம். எல்.சி.யில் அளவுக்கு முன்னால் அந்தச் சொல் வந்தால், அதற்கு நூற்றுக்குப் பத்து கூடவோ குறையவோ இருக்கலாம் என்று பொருள். 'அபௌட்' 100 டன் என்றால் 90 முதல் 110 வரை அனுப்பலாம். ஆனால் அந்தச் சொல் எதற்கு முன்னால் நிற்கிறதோ அதற்கு மட்டுமே சலுகை. அளவுக்கு முன்னால் போட்டுவிட்டு மொத்தத் தொகைக்கு முன்னால் போடாமல் விட்டிருந்தால், 110 டன் ஏற்றினாலும் எல்.சி.யில் உள்ள தொகைக்கு மேல் அதில் கிடைக்காது. மிச்சத்தை வாங்குபவரிடம் தனியாகக் கேட்டு நிற்க வேண்டியதுதான்.

அதே சொல் தேதியோடு சேர்ந்து 'ஆன் ஆர் அபௌட் ஜூன் 15' என்று வந்தால் கணக்கு மாறுகிறது. அந்தத் தேதிக்கு ஐந்து நாள் முன்னும் ஐந்து நாள் பின்னும், இரு ஓரமும் சேர்த்து, ஜூன் 10 முதல் 20 வரை ஏற்றலாம். 'பிஃபோர் ஜூன் 15' என்றால் 15ஆம் தேதி கணக்கில் சேராது. 'அன்டில் ஜூன் 15' என்றால் சேரும். 'ஃப்ரம்' என்ற சொல் இன்னும் வேடிக்கை. கப்பலில் ஏற்றும் காலத்தைக் குறிக்கும்போது, சொன்ன தேதியும் உள்ளே. உண்டியல் முதிர்ச்சி நாளைக் கணக்கிடும்போது அதே 'ஃப்ரம்' சொன்ன தேதியை வெளியே தள்ளிவிடுகிறது. மாதத்தின் 'மிடில்' என்றால்கூட ஏதோ நடுவிலே என்று பொருள் இல்லை. 11 முதல் 20 வரை என்று விதியே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஒரு நாள் தள்ளி ஏற்றிய சரக்குக்கு வங்கி காகிதத்தைத் திருப்பினால், அங்கே வாங்குபவர் விலை குறைக்கச் சொல்லிக் கேட்பார் என்பது அனுபவசாலிகளுக்குத் தெரியும். சந்தை இறங்கியிருக்கும் சமயம் பார்த்துத்தான் அவர்களுக்கு இந்தச் சொற்களெல்லாம் கண்ணில் படும்.

தமிழன் தடுக்குகிற இடங்கள்

நாம் தடுக்கி விழுகிற இடம் எது என்று பார்த்தால், பெரும்பாலும் தமிழ் ஒரே உருபால் செய்கிற வேலையை ஆங்கிலம் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிற இடமாக இருக்கும். 'திங்கட்கிழமைக்குள்' என்கிறோம், 'பத்து நாளைக்குள்' என்கிறோம். இரண்டுக்கும் 'க்குள்' தான். ஆங்கிலத்தில் குறித்த நாளுக்கு 'பை', கால அளவுக்கு 'வித்தின்'. 'பை மண்டே', 'வித்தின் டென் டேஸ்'. நம்மவர்கள் 'வித்தின் மண்டே' என்று எழுதுவது இதனால்தான். அதைவிட மோசம், 'டெலிவர் த கூட்ஸ் அன்டில் மண்டே' என்று எழுதுவது. அதற்குத் திங்கட்கிழமை வரை அனுப்பிக்கொண்டே இரு என்று பொருள். 'அன்டில்' நமது 'வரை'. 'பை' நமது 'க்குள்'. இதை ஒருமுறை மனதில் ஏற்றிக்கொண்டால் போதும்.

அடுத்தது 'எ', 'த'. தமிழில் 'த' என்பதே இல்லை, அதனால் நமக்கு அது வராது என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். அப்படி முழுக்கச் சொல்லிவிட முடியாது. 'மிளகாய் அனுப்புங்கள்' என்பதற்கும் 'மிளகாயை அனுப்புங்கள்' என்பதற்கும் என்ன வேறுபாடு? முதலாவதில் ஏதோ மிளகாய். இரண்டாவதில் நீங்களும் நாமும் பேசி முடித்த மிளகாய். மண்டியில் எழுதப் படிக்கத் தெரியாத சுமைக்காரருக்கும் இந்த வேறுபாடு தெரியும். அந்த 'ஐ' செய்கிற வேலைக்கு மிக அருகில் உள்ள வேலையைத்தான் ஆங்கிலத்தில் 'த' செய்கிறது. எல்லா இடத்திலும் பொருந்தாது. எழுவாய் வருகிற இடத்தில் இந்த 'ஐ' வராது. ஆனால் கடிதம் எழுதும்போது 'இந்தப் பொருள் இருவருக்கும் தெரிந்ததா?' என்று கேட்டுப் பார்த்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

'எ' என்ற ஒற்றை எழுத்தை விடுவதால் வருகிற வினை வேறு விதம். 'வீ ஹேவ் ஹேட் ஃப்யூ கம்ப்ளெயின்ட்ஸ்' என்றால் புகாரே அநேகமாக இல்லை என்று பொருள். 'எ ஃப்யூ கம்ப்ளெயின்ட்ஸ்' என்றால் சில புகார்கள் வந்திருக்கின்றன என்று பொருள். ஒன்று பாராட்டு, மற்றது எச்சரிக்கை. நடுவில் நிற்பது ஓர் எழுத்து.

எண்ணக்கூடிய பெயர், எண்ணமுடியாத பெயர் என்று இலக்கணப் புத்தகம் சொல்வது மாணவர்களுக்குப் புரிவதில்லை. வியாபாரிக்கு அது உடனே புரிய வேண்டும். தேங்காய் எண்ணிக்கைச் சரக்கு, துவரம் பருப்பு நிறுவைச் சரக்கு. பருப்பை நூறு பருப்பு என்று யாரும் கேட்பதில்லை, படியோ கிலோவோ மூட்டையோ சொல்லித்தான் கேட்க வேண்டும். 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'ஃபர்னிச்சர்', 'எக்விப்மென்ட்' இவையெல்லாம் ஆங்கிலேயர் கணக்கில் நிறுவைச் சரக்கு. கடைசியில் 'ஸ்' போட்டு எண்ண முடியாது. எண்ண வேண்டுமானால் 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்' என்று ஒரு படியில் அளந்துதான் சொல்ல வேண்டும். எது எந்த வகை என்பதற்கு விதி கிடையாது, அகராதியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

மரியாதை எங்கே ஒளிந்திருக்கிறது

இதை நாம் மற்றவற்றைவிட முக்கியமாகக் கருதுகிறோம். தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. 'அனுப்பு', 'அனுப்புங்கள்', 'அனுப்பி வையுங்கள்' என்று வால் நீள நீள மரியாதை கூடுகிறது. ஆங்கிலத்துக்கு அந்த வால் கிடையாது. ஆகவே 'பணத்தை அனுப்பி வையுங்கள்' என்று மனதில் மரியாதையாக நினைத்துக்கொண்டு 'செண்ட் த மணி' என்று எழுதினால், அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது 'பணத்தை அனுப்பு' என்று ஆகிவிடுகிறது. 'இமிடியட்லி' என்றும் சேர்த்துவிட்டால் சண்டைக்குக் கூப்பிட்டது போலத்தான். ஆங்கிலேயர் அந்த மரியாதையை வாக்கியத்தின் தலையில் வைக்கிறார்கள். 'குட் யூ', 'வுட் யூ', 'வீ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட்' என்று கேள்வி போலவும் விருப்பம் போலவும் தொடங்குகிறார்கள். வெறும் 'ப்ளீஸ்' அந்த இடத்தை முழுவதும் நிரப்புவதில்லை.

நமக்குத் தெரிந்த ஒரு மசாலா ஏற்றுமதியாளர், வெளிநாட்டு வாடிக்கையாளர் அனுப்பிய கணக்கில் ஓர் இனம் புரியாமல், 'வீ ஹேவ் எ டவுட் அபௌட் யுவர் ஸ்டேட்மென்ட்' என்று எழுதினார். இங்கே 'டவுட்' என்றால் விளக்கம் வேண்டும் என்று பொருள். வகுப்பில் பிள்ளைகள் ஆசிரியரிடம் கேட்பதும் 'டவுட்' தான். அங்கே அது சந்தேகப்படுவது, நம்பாமல் இருப்பது. மூன்று வாரம் அந்தப் பக்கமிருந்து ஆர்டரும் இல்லை, பதிலும் இல்லை. பிறகு போனில் பேசித்தான் சரியாயிற்று. 'குட் யூ க்ளாரிஃபை' என்று இரண்டு சொல் எழுதியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

'டூ த நீட்ஃபுல்' என்பதைச் சிலர் கேலி செய்கிறார்கள். அது பழைய ஆங்கிலேயர் வழக்கு. அவர்கள் விட்டுவிட்டார்கள், நாம் வைத்திருக்கிறோம். 'ரிவர்ட்' என்று பதில் எழுதுவதைக் குறிப்பதும், 'ப்ரீபோன்' என்று தேதியை முன்தள்ளுவதும் நமக்குள்ளே நன்றாகவே ஓடும் நாணயங்கள். உள்நாட்டில் செலவழிக்கத் தடையில்லை. லண்டனுக்கு எழுதும்போது அங்கே செல்லுபடியாகும் நாணயத்தை எடுத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். அவர்களிடமும் மறைபொருள் உண்டு. 'தட் மே பி டிஃபிகல்ட்' என்று ஒருவர் எழுதினால் முடியாது என்று அர்த்தம். நாம் 'பார்க்கலாம்' என்று சொல்லி அனுப்புகிறோமே, அதேதான்.

எந்தச் சொல்லோடு எந்தச் சொல்

'விலை படிந்தது' என்கிறோம். வடக்கத்தியார் ஒருவர் தமிழ் படித்துக்கொண்டு வந்து 'விலை உட்கார்ந்தது' என்றால் புரிந்துகொள்வோம், சிரித்தும் கொள்வோம். இலக்கணத்தில் பிழை இல்லை. ஆனால் அப்படிச் சொல்லும் வழக்கம் இல்லை. ஆங்கிலத்திலும் இப்படி இணை பிரியாத சொற்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆர்டரை 'ப்ளேஸ்' செய்வார்கள், பணத்தை 'மேக் எ பேமென்ட்' என்பார்கள், செலவை 'பேர்' செய்வார்கள், கெடுவை 'மீட்' செய்வார்கள், சரக்கை 'டேக் டெலிவரி' செய்வார்கள். தனிச் சொல்லாகப் படித்தவருக்கு இது வராது. சொல்லைச் சரமாகத்தான் கொள்முதல் செய்ய வேண்டும்.

இதற்கு உதவுகிற புத்தகம், ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே எழுதப்பட்ட அகராதி. ஏ.எஸ். ஹார்ன்பி என்ற ஆங்கிலேயர் 1924இல் ஜப்பானுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போனார். மாணவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பக்கத்திலிருந்து பார்த்து, சக ஆசிரியர்களோடு சேர்ந்து ஓர் அகராதி தொகுத்தார். அது 1942இல் ஜப்பானில் வெளிவந்தது. பிறகு 1948இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் அதை வெளியிட்டது. இன்று 'அட்வான்ஸ்டு லேர்னர்ஸ்' என்று கடைகளில் கிடைப்பது அதன் வழிவந்ததே. ஒரு சொல்லுக்குப் பொருள் மட்டும் அல்லாமல், அது எண்ணிக்கைச் சரக்கா நிறுவைச் சரக்கா, அதற்குப் பின் எந்தச் சின்னச் சொல் வரும், எதோடு சேரும் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆங்கிலம்-தமிழ் அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு இந்தப் படி ஏற முடியாது என்பது நம் அபிப்பிராயம்.

எத்தனை சொல் வேண்டும்? நியூசிலாந்துப் பேராசிரியர் பால் நேஷன் 2006இல் வெளியிட்ட ஆய்வில், நாவலையும் செய்தித்தாளையும் பிறர் உதவியின்றிப் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்களும், பேச்சைப் புரிந்துகொள்ள 6,000 முதல் 7,000 வரையிலும் தேவை என்று கணக்கிட்டார். நம்மிடம் இரண்டு மூவாயிரம் கைவசம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், பாக்கி ஏறக்குறைய ஆறாயிரம். நாளுக்கு ஐந்து, ஆண்டுக்கு 300 நாள் என்றால் நான்கு ஆண்டுகள். முப்பது நாளில் ஆங்கிலம் என்று விளம்பரம் செய்கிறவர்கள் இந்தக் கணக்கைச் சொல்லமாட்டார்கள்.

முடித்துக் காட்டியவர்கள்

ஜோசப் கான்ராட் என்ற எழுத்தாளர் போலந்து இனத்தவர். 1857இல் இன்றைய உக்ரைனில் உள்ள பெர்டிச்சிவில் பிறந்தவர். 1878இல், இருபது வயதில், ஆங்கிலக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் ஆங்கிலம் அவருக்குப் பழக்கமாயிற்று. சரக்குக் கப்பலில் மாலுமிகளோடு பேசி, கிடைத்ததைப் படித்துக் கற்றார். 1886இல் கப்பல் தலைவனுக்கான தேர்ச்சி பெற்றார். 1895இல் முதல் நாவல் வந்தது. இன்று ஆங்கில இலக்கியத்தின் பெரிய பெயர்களில் அவர் பெயரும் ஒன்று. ஆனால் கடைசிவரை அவர் வாயிலிருந்து வந்த ஆங்கிலத்தில் போலந்து உச்சரிப்பு போகவே இல்லை. உச்சரிப்பு வேறு, மொழியாட்சி வேறு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

நம் பக்கத்தில் மகாகனம் ஸ்ரீனிவாச சாஸ்திரியார். 1869இல் கும்பகோணத்துக்கு அருகே வலங்கைமானில் ஏழைப் புரோகிதர் குடும்பத்தில் பிறந்தவர். படித்தது கும்பகோணம். ஆசிரியராக இருந்தது சேலத்திலும் திருவல்லிக்கேணியிலும். அவர் இங்கிலாந்தில் படித்தவர் அல்லர். ஆனாலும் வெள்ளி நாக்குப் பேச்சாளர் என்று ஆங்கிலேயரே அவரைப் புகழ்ந்தார்கள். 1922இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா நாடுகளுக்குச் சென்று இந்தியர்களின் உரிமைக்காக ஆங்கிலத்தில் வாதாடினார். காவேரிக் கரையிலேயே இதைக் கற்க முடிந்திருக்கிறது.

உச்சரிப்பைப் பற்றி வியாபாரிக்குத் தேவையானது சொற்பம். தமிழில் 'ப' ஒன்றுதான் என்பதால் 'பில்' என்ற சொல் சீட்டா மாத்திரையா என்று அந்நியருக்கு மயக்கம் வரும். போனில் அபாயமானவை எண்கள். 'தர்ட்டீன்' என்பதில் அழுத்தம் பின்னால், 'தர்ட்டி' என்பதில் முன்னால். சந்தேகம் இருந்தால் 'ஒன் த்ரீ', 'த்ரீ ஸீரோ' என்று இலக்கமாகச் சொல்லிவிடுவதே நல்லது. லட்சம், கோடி அவர்களுக்குத் தெரியாது. பத்து லட்சம் ஒரு மில்லியன், நூறு கோடி ஒரு பில்லியன். அமெரிக்கருக்கு 4/7 என்று எழுதினால் அவர் ஏப்ரல் 7 என்று படிப்பார். மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதிவிட வேண்டும்.

தினமும் செய்ய வேண்டியது

இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத்துக்குப் பாடம் சொன்ன ரோஜர் ஆஷம் என்பவரின் புத்தகம், அவர் இறந்த பின் 1570இல் வெளிவந்தது. லத்தீன் கற்க அவர் அதில் ஒரு வழி சொல்கிறார். நல்ல பகுதி ஒன்றை எடுத்துத் தன் மொழியில் பெயர்க்க வேண்டும். மூலத்தை மூடிவைத்துவிட்டு, சற்று இடைவெளி விட்டு, பெயர்த்ததைத் திரும்ப லத்தீனுக்கே கொண்டுபோக வேண்டும். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். இதைவிட நல்ல வழி நமக்குத் தெரிந்து இல்லை. ஏனென்றால் நாள்வழியையும் பேரேட்டையும் ஒத்துப் பார்க்கிற வேலைதான் இது, நமக்குப் பழகிய வேலை.

வெளிநாட்டு வாடிக்கையாளர் எழுதிய நல்ல கடிதம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுதுங்கள். மூன்று நாள் கழித்து அந்தத் தமிழை மட்டும் பார்த்து ஆங்கிலத்தில் எழுதுங்கள். மூலத்தோடு ஒத்துப் பாருங்கள். எங்கே 'த' விட்டுப்போயிற்று, எங்கே 'பை' க்குப் பதில் 'வித்தின்' விழுந்தது என்பது தானே தெரியும். அவற்றை ஒரு நோட்டில் பற்று வைத்துக்கொண்டு வாருங்கள். வாரம் ஒரு கடிதம் போதும். மூட்டையில் குத்தூசி போட்டு எடுக்கிற ஒரு பிடியில் மூட்டையின் தரம் தெரிவது போல, இரண்டு மூன்று மாத நோட்டில் நம் பலவீனம் இன்னது என்று தெரிந்துவிடும். ஆச்சரியம் என்னவென்றால் அது ஐந்தாறு பிழைகள்தான், திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும்.

பழகிப் பார்க்க நான்கு வாக்கியங்கள் தருகிறோம். விடையைக் கையால் மறைத்துக்கொண்டு முதலில் எழுதிப் பாருங்கள்.

வியாழக்கிழமைக்குள் சரக்கு எங்களுக்கு வந்து சேர வேண்டும்: 'த கூட்ஸ் ஷுட் ரீச் அஸ் பை தர்ஸ்டே.'

மாதிரி கிடைத்த பத்து நாளைக்குள் பதில் எழுதுகிறோம்: 'வீ வில் ரிப்ளை வித்தின் டென் டேஸ் ஆஃப் ரிசீவிங் த சாம்பிள்.'

இந்த விலை மாதக் கடைசி வரை செல்லும்: 'திஸ் ப்ரைஸ் இஸ் வேலிட் அன்டில் த எண்ட் ஆஃப் த மந்த்.'

பாக்கியை அனுப்பி வையுங்கள்: 'குட் யூ ப்ளீஸ் செட்டில் த பேலன்ஸ்?' இது முதல் நினைவூட்டலுக்கு. மூன்று நினைவூட்டலுக்கும் பதில் இல்லாத ஆசாமிக்கு, 'வீ மஸ்ட் ஆஸ்க் யூ டு செட்டில் த பேலன்ஸ் பை' என்று தொடங்கித் தேதியைப் போட்டுவிட வேண்டியதுதான்.